பெர்சர்க்கர்: கரடித் தோலா, வெற்று மேனியா?

யானை மிரண்டு ஓடினாலும் சரி, ஒரு கூட்டம் கட்டுமீறிக் கடைகளை நொறுக்கினாலும் சரி, ஆங்கில நாளிதழ்கள் 'பெர்செர்க்' என்ற சொல்லை எடுத்துப் போட்டுவிடும். கணினி விளையாட்டுகளில் கோடாரியை ஓங்கிக்கொண்டு கத்தியபடி ஓடிவரும் பாத்திரத்துக்குப் 'பெர்சர்க்கர்' என்று பெயர். யார் இவர்கள் என்று கேட்டால் கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: காளானைத் தின்றுவிட்டு, அம்மணமாகப் போருக்குப் போன வைக்கிங் வெறியர்கள்.

இந்த ஒரு வரிக்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன: காளான், அம்மணம், வெறி. காளானுக்குப் பழைய ஆதாரம் ஒன்றுகூடக் கிடையாது. அம்மணம் என்பது ஒரு சொல்லைப் பிரித்துப் பொருள் கொண்டதில் பிறந்தது. வெறியில் உண்மை உண்டு, ஆனால் அதை முதன்முதலில் பாடிய புலவர் அதை நோயாகவோ போதையாகவோ பாடவில்லை. இந்தக் குழப்பம் முழுவதற்கும் ஒரே காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 9ஆம் நூற்றாண்டைப் பற்றிய செய்தியையும் 13ஆம் நூற்றாண்டுக் கதையையும் 18ஆம் நூற்றாண்டு ஊகத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகிறோம். யார் எப்போது என்ன சொன்னார் என்று வரிசைப்படுத்தினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், சொல் எங்கிருந்து வருகிறது?

இன்றைய நார்வே, ஸ்வீடன், டென்மார்க் பகுதிகளிலும் அங்கிருந்து போய்க் குடியேறிய ஐஸ்லாந்திலும் இடைக்காலத்தில் வாழ்ந்த மக்களை நோர்ஸ் மக்கள் என்கிறோம். அவர்கள் பேசியது பழைய நோர்ஸ் மொழி. அவர்களில் கப்பலேறிக் கொள்ளைக்கும் வாணிகத்துக்கும் போனவர்கள்தான் வைக்கிங்குகள். மற்றவர்கள் உழுதார்கள், ஆடு வளர்த்தார்கள், மீன் பிடித்தார்கள். பெர்சர்க்கர்கள் இந்த மக்களுக்குள் ஒரு மிகச் சிறிய கூட்டம். எல்லா வைக்கிங்கும் பெர்சர்க்கர் அல்ல. பெரும்பாலான வைக்கிங்குகள் ஒரு பெர்சர்க்கரின் பக்கத்தில் நின்றுகூடப் போரிட்டிருக்க மாட்டார்கள்.

பழைய நோர்ஸில் இந்தச் சொல்லின் வடிவம் 'பெர்செர்க்ர்'. பலரைச் சொன்னால் 'பெர்செர்க்கிர்'. கடைசியில் நிற்கும் 'ர்' எழுவாய் வேற்றுமை விகுதி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'பெர்சர்க்கர்' என்று கேட்கும்போது ஏதோ ஒரு செயலைச் செய்பவர் என்று படுகிறதே, அது மயக்கம். அப்படி ஒரு வினைச்சொல் நோர்ஸில் இல்லை.

விகுதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு துண்டு: 'பெர்', 'செர்க்'. இரண்டாவதில் சண்டை இல்லை. 'செர்க்' என்றால் சட்டை, மேலங்கி. ஸ்காட்லாந்துப் பேச்சில் 'சார்க்' என்று இது இன்னும் உயிரோடு இருக்கிறது. 1869இல் கட்டப்பட்டு இப்போது லண்டன் கிரீனிச்சில் நிற்கிற 'கட்டி சார்க்' என்ற தேயிலைக் கப்பலின் பெயருக்குக் 'குட்டைச் சட்டை' என்றுதான் பொருள். சிக்கல் முழுவதும் முதல் துண்டில் இருக்கிறது.

ஒரே ஒலி, இரண்டு சொல்

தமிழில் 'மா' என்ற ஓரெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'மாமரம்' என்று நாம் பேச்சில் சொன்னால் மாங்காய் காய்க்கிற மரம். ஒரு பழம்பாட்டில் அதே சொல் வந்தால் பெரிய மரமாகவும் இருக்கலாம். மா என்பதற்கு விலங்கு, குதிரை, கருமை என்றெல்லாம் பொருள் இருப்பதால், சூழலைப் பார்த்துத்தான் உரையாசிரியர் முடிவு செய்வார். சூழல் போதாமல் போனால் இரண்டு உரைகள் பிறக்கும்.

'பெர்' என்ற துண்டுக்கு நடந்தது இதுவே. அது கரடியைக் குறிக்கலாம். அப்படியானால் பெர்செர்க்ர் என்பவர் 'கரடிச் சட்டைக்காரர்', கரடித் தோல் போர்த்தவர். அல்லது 'வெற்று' என்ற பொருள் தரும் வேறொரு சொல்லாக இருக்கலாம். அப்படியானால் 'சட்டை இல்லாதவர்'. சட்டை என்பது கவிதையில் இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த போர்க்கவசத்தையும் குறிக்கும் என்பதால், 'கவசம் இல்லாதவர்' என்றும் பொருள் விரியும்.

வெற்று என்பாருக்கு ஒரு பலம் உண்டு. அந்தச் சொல் நோர்ஸில் கூட்டுச்சொற்களில் சாதாரணமாகப் புழங்கியது. 1093 முதல் 1103 வரை நார்வேயை ஆண்ட மன்னர் மாக்னுஸின் பட்டப்பெயரே 'வெறுங்காலர்' என்பதுதான். அதில் வரும் முதல் துண்டு இதே 'பெர்'. கரடி என்பாரை நோக்கி இவர்கள் கேட்கும் கேள்வியும் நியாயமானது: நோர்ஸில் கரடிக்கு வழக்கமான சொல் 'ப்யோர்ன்' ஆயிற்றே, இங்கே மட்டும் ஏன் 'பெர்'?

அதற்குப் பதில் இருக்கிறது. பெண் கரடிக்கு நோர்ஸில் 'பெரா' என்றுதான் பெயர். ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய உறவு மொழிகளிலும் கரடிக்கான சொல் இதே குட்டையான வேரிலிருந்து வருகிறது. பேச்சில் வழக்கொழிந்த பழைய வடிவம் ஒரு கூட்டுச்சொல்லுக்குள் மட்டும் ஒட்டிக்கொண்டு வாழ்வது எந்த மொழியிலும் நடக்கக்கூடியது. 19ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து அறிஞர் ஸ்வெய்ன்ப்யோர்ன் எகில்சன் கரடிப் பொருளை முன்வைத்தார். இன்றைக்குப் பெரும்பான்மை ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். ஆனாலும் 20ஆம் நூற்றாண்டிலும் சில ஆய்வாளர்கள் 'வெற்று' என்பதற்காக வலுவாக வாதிட்டார்கள். வழக்கு முழுசாக முடிந்துவிடவில்லை.

இதுவரை பார்த்தது: சொல்லின் பின்பாதி சட்டை, முன்பாதி கரடியாகவும் இருக்கலாம், வெற்று என்பதாகவும் இருக்கலாம். இலக்கணம் மட்டும் இதைத் தீர்க்காது. சாட்சிகளைக் கூப்பிட வேண்டும்.

அம்மணம் எங்கிருந்து வந்தது?

முதலில் பிரபலமான சாட்சி. ஸ்னோரி ஸ்துர்லுசன் ஐஸ்லாந்தின் பெரும் செல்வர், அரசியல்வாதி, வரலாறு எழுதியவர். 1179இல் பிறந்து 1241இல் கொல்லப்பட்டார். நார்வே மன்னர்களின் வரலாற்றை அவர் ஓடின் தெய்வத்திலிருந்து தொடங்குகிறார். ஓடினின் ஆட்கள் போருக்குப் போனபோது கவசமின்றிப் போனார்கள், நாய்போலவும் ஓநாய்போலவும் வெறிகொண்டார்கள், கேடயத்தைக் கடித்தார்கள், கரடிக்கும் காளைக்கும் நிகரான வலிமையோடு இருந்தார்கள், தீயும் இரும்பும் அவர்களை ஒன்றும் செய்யவில்லை என்று எழுதுகிறார். இந்த நிலைக்குப் 'பெர்செர்க்ஸ்கங்க்ர்' என்று பெயர் என்றும் சொல்கிறார். 'கங்க்ர்' என்றால் போதல். பெர்சர்க்கராகிப் போகிற நிலை.

இன்று உலவும் படத்தில் பெரும்பகுதி இந்த ஒரே பத்தியிலிருந்து வந்தது. அதனால் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஸ்னோரி சொன்னது 'கவசமின்றி' என்றுதான். 'அம்மணமாக' என்று சொல்லவில்லை. இரும்புச் சட்டை அந்தக் காலத்தில் மிகுந்த விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். ஆயிரக்கணக்கான வளையங்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் செய்வது. 1943இல் நார்வேயின் யெர்முண்ட்பு என்ற இடத்தில் தலைக்கவசத்தோடு ஒரு கவசச் சட்டையின் துண்டுகள் கிடைத்தது பெரிய செய்தியாக இன்றும் பேசப்படுகிறது என்றால், அது எவ்வளவு அரிய பொருள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் போர்வீரன் கம்பளியும் தோலும் உடுத்தி, கேடயத்தை நம்பித்தான் போனான். அப்படியிருக்க, கவசம் இல்லாதவர் என்பது ஒரு தனிக் கூட்டத்துக்கு அடையாளப் பெயராக எப்படி நிற்கும்? வெற்று என்ற பொருளுக்கு எதிராக எனக்கு வலுவாகப் படுகிற கேள்வி இது.

இன்னொன்று, ஸ்னோரி இதை எழுதியது 1230ஐ ஒட்டி. அதற்குள் ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் ஒரு பெர்சர்க்கரையும் நேரில் கண்டவர் அல்ல. அவருடைய கைக்கு வந்தவை பழைய பாட்டுகளும் வாய்மொழிக் கதைகளும். அந்தப் பாட்டுகளில் ஒன்று நமக்கும் கிடைத்திருக்கிறது.

மிகப் பழைய சாட்சி: ஒரு போர்ப் பாட்டு

இன்றைய ஸ்தவங்கர் நகருக்கு அருகே ஹாவ்ர்ஸ்ஃபியோர்ட் என்ற கடற்கழி இருக்கிறது. அங்கே 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'அழகு முடி' ஹரால்ட் என்ற மன்னர் தன் எதிரிகளைக் கடற்போரில் முறியடித்தார். மரபாகச் சொல்லப்படும் ஆண்டு 872. அந்த வெற்றியைக் கி.பி. 900ஐ ஒட்டிப் பாடியவர் தோர்ப்யோர்ன் ஹோர்ன்க்ளோவி. அவர் ஒரு ஸ்கால்ட், அதாவது அரசவைப் புலவர். பாட்டு ஓர் உரையாடல்: போர்க்களத்தில் மாண்டவர்களைத் தேர்ந்தெடுக்கும் தெய்வப் பெண்ணான வால்கிரி கேட்கிறாள், பிணம் தின்று அலகு சிவந்த அண்டங்காக்கை பதில் சொல்கிறது.

அதில்தான் 'பெர்செர்க்கிர்' முதன்முதலாக வருகிறார்கள். அவர்கள் உறுமுகிறார்கள். அடுத்த மூச்சில் 'உல்வ்ஹெத்னர்' ஊளையிடுகிறார்கள், இரும்பு ஈட்டிகள் அதிர்கின்றன. உல்வ்ஹெத்னர் என்ற பெயரில் எந்தக் குழப்பமும் இல்லை: உல்வ் என்றால் ஓநாய், ஹெதின் என்றால் தோலால் ஆன மேலாடை. ஓநாய்த் தோலாடைக்காரர்கள். ஒரு கூட்டம் உறும, பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் ஊளையிட, பின்னதன் பெயர் ஓநாய்த் தோல் என்று தெளிவாக இருக்கும்போது, முன்னதன் பெயரைக் கரடித் தோல் என்று கொள்வதுதான் இயல்பு. நான் கரடிப் பக்கம் நிற்பது இந்த வரிகளால்தான்.

பாட்டின் பிற்பகுதியில் வால்கிரி, இந்த ஆட்களை மன்னர் எப்படி வைத்திருக்கிறார் என்று விசாரிக்கிறாள். காக்கையின் பதிலில் பழிச்சொல் ஒன்றுகூட இல்லை. குருதி தோய்ந்த கேடயம் ஏந்துபவர்கள், துணிந்தவர்கள், அறிவுள்ள மன்னர் நம்பிச் சாய்வது இத்தகையவர்கள் மேல்தான் என்கிறது. ஹரால்டின் கப்பலில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இடமும் முன்முனை என்று பிற்கால வரலாறுகள் சொல்கின்றன. அக்காலக் கடற்போரில் கப்பல்களைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு தளத்தின் மேல் நின்று வெட்டிக்கொள்வார்கள். முன்முனை குறுகலானது, தோளோடு தோள் உரசி நிற்க வேண்டும், எதிரி முதலில் ஏறுவதும் அங்கேதான். தன்னிலை இழந்து பக்கத்தில் நிற்பவனையும் வெட்டும் ஒருவனை எந்த மன்னரும் அங்கே நிறுத்த மாட்டார்.

ஆகவே, நம்மிடம் உள்ள மிகப் பழைய சாட்சியில் பெர்சர்க்கர் என்பவர் மன்னரின் தேர்ந்தெடுத்த காவல்வீரர். விலங்கின் குரல் எழுப்புகிறார். அம்மணம் இல்லை, காளான் இல்லை, இழிவும் இல்லை.

உலோகத்திலும் தந்தத்திலும்

பாட்டுக்கும் மூத்த ஒரு சாட்சி ஸ்வீடனின் எலண்ட் தீவில் கிடைத்தது. 1870இல் தோர்ஸ்லுண்டா என்ற ஊர்ப்பகுதியில் நான்கு வெண்கல அச்சுத் தகடுகளை எடுத்தார்கள். தலைக்கவசத்தில் பதிக்கும் அலங்காரத் தகடுகளை அடித்து எடுப்பதற்கான அச்சுகள் அவை. 6, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஒன்றில் இரண்டு உருவங்கள். இடப்பக்கத்தான் தலையில் கொம்பு வைத்து, கையில் ஈட்டி பிடித்து ஆட்ட நிலையில் கால் மடக்கி நிற்கிறான். வலப்பக்கத்தான் உடம்பு முழுக்க விலங்கின் தோல். தலை ஓநாயின் தலை, பின்னால் வால் தொங்குகிறது. ஆனால் தோலுக்குக் கீழே தெரிவது மனிதக் கால்கள், கையில் ஈட்டி. கொம்பு வைத்தவனுடைய ஒரு கண் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்; ஓடின் ஒற்றைக் கண் தெய்வம். விலங்குத் தோல் போர்த்துப் போரிடுவது புலவரின் கற்பனை மட்டும் அல்ல, வைக்கிங் காலத்துக்கு முன்பே அங்கே இருந்த வழக்கம் அல்லது சடங்கு என்று இந்தத் தகடு காட்டுகிறது.

மற்றொன்று பிற்காலத்தது. 1831இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் மணலுக்குள்ளிருந்து வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய்கள் குவியலாகக் கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டில், அநேகமாக நார்வேயின் திரோன்ஹெய்மில் செய்தவை. பெரும்பகுதி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் யானை என்று வைக்கும் மூலைக் காய்க்குப் பதிலாக அதில் காவல்வீரன் நிற்கிறான். அவர்களில் சிலர் கண்களைப் பிதுக்கி, மேல்வரிசைப் பற்களால் கேடயத்தின் விளிம்பைக் கவ்விக்கொண்டிருக்கிறார்கள். செதுக்கியவர் அந்தப் பற்களைத் தனித்தனியாகக் கீறியிருக்கிறார். இந்த வீரர்கள் அம்மணமாக இல்லை. நீண்ட அங்கி உடுத்தியிருக்கிறார்கள்.

வெறி எப்படி வேலை செய்தது?

'பெர்செர்க்ஸ்கங்க்ர்' என்ற நிலையைச் சாகாக்கள் பலமுறை வருணிக்கின்றன. சாகா என்பது ஐஸ்லாந்தில் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட உரைநடைக் கதை; மூன்று நூற்றாண்டு முந்தைய குடும்பங்களின் பகைகளையும் பயணங்களையும் சொல்லும். வருணனைகளில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் ஊளை, பிறகு கேடயம் கடித்தல், பிறகு வலியும் காயமும் உறைக்காத வலிமை, கடைசியில் உடம்பு சோர்ந்து விழுதல். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் சினிமாக்களும் விளையாட்டுகளும் விட்டுவிடுகின்றன.

எகில் சாகாவில் க்வெல்துல்வ் என்றொரு கிழவர் வருகிறார். பெயரின் பொருள் 'மாலை ஓநாய்'. பகலில் நல்ல விவசாயி, ஆலோசனை சொல்பவர். பொழுது சாய்ந்தால் சிடுசிடுப்பும் தூக்கமுமாகி யாரோடும் பேச மாட்டார். ஊரார் அவரை உருமாறக்கூடியவர் என்று சொன்னார்கள். நோர்ஸ் மக்கள் உடலின் வடிவத்தை 'ஹம்ர்' என்றார்கள். தோல், உறை என்றும் அதற்குப் பொருள். சிலர் ஒரே ஹம்ரோடு நிற்பவர்கள் அல்லர், அவர்களுக்குள் விலங்கின் வடிவமும் உண்டு என்பது நம்பிக்கை. மன்னர் ஹரால்ட் ஆட்களோடு வந்து தன் மகனைக் கொன்றதற்குப் பழிவாங்க, க்வெல்துல்வ் ஒரு கப்பலில் ஏறி வெறியோடு வெட்டித் தீர்க்கிறார். இத்தகையவர்கள் வெறி இருக்கும்வரை எதற்கும் அடங்காத வலிமையோடு இருப்பார்கள், தணிந்ததும் சாதாரண ஆளைவிட நலிந்துபோவார்கள் என்று அந்த இடத்திலேயே சாகா விளக்குகிறது. க்வெல்துல்வ் படுக்கையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் கடலிலேயே இறந்துபோனார்.

இதில் தெய்வத்துக்கும் இடம் உண்டு. ஓடின் என்ற பெயரே வெறி, ஆவேசம், கவித்துவ எழுச்சி ஆகியவற்றைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. 11ஆம் நூற்றாண்டில் பிரேமன் நகர ஆதாம் என்ற பாதிரியார் ஓடினைப் பற்றி எழுதும்போது, பெயருக்கு ஆவேசம் என்றே பொருள் சொல்கிறார்.

நம்பிக்கைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு உடம்பை மட்டும் பார்த்தாலும் இந்த வரிசை புரியக்கூடியதே. சாவை எதிர்நோக்கி நிற்கும் உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு பெருகும். இதயம் வேகமாகத் துடிக்கும். வலி சிறிது நேரம் மழுங்கும். கூட்டமாகச் சேர்ந்து கத்துவதும் கேடயத்தைத் தட்டுவதும் அதை இன்னும் ஏற்றும். 'நான் இப்போது கரடி' என்று சிறுவயதிலிருந்தே நம்பி வளர்ந்தவனுக்கு, தோலைப் போர்த்ததுமே மனம் பாதி வழி போய்விடும். சுரப்பு இறங்கியதும் கை நடுங்கும், கால் துவளும். மருந்தோ மாயமோ இல்லாமலே இவ்வளவும் நடக்கும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1990களில் அவர்களிடம் கண்ட ஒரு நிலைக்கு 'பெர்செர்க் நிலை' என்றே பெயர் வைத்தார். தன்னை எதுவும் தொடாது என்ற உணர்வு, வலி தெரியாமை, நிறுத்த முடியாமை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஷே கண்டவர்கள் நண்பனை இழந்தும் தலைமையால் கைவிடப்பட்டும் அந்த நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள். அது அவர்களை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. ஹரால்டின் ஆட்களுக்கோ அது பழகிச் செய்த தொழில், அதற்கு அவையில் தனி இருக்கை.

சுருக்கமாக: வெறி என்பது சடங்கு, நம்பிக்கை, கூட்டம், உடம்பின் சுரப்பு நான்கும் சேர்ந்து எழுப்பிய நிலை. அதற்குத் தொடக்கமும் உண்டு, விலை கொடுக்க வேண்டிய முடிவும் உண்டு.

மன்னரின் காவலர் ஊரின் தொல்லையானது

கி.பி. 1000ஐ ஒட்டி ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்றது. அதற்குப் பிறகு இந்தச் சொல்லின் தலைவிதி மாறியது. 'கிராகாஸ்' என்ற ஐஸ்லாந்துச் சட்டத்தொகுப்பின் கிறிஸ்தவச் சட்டப் பகுதியில், பழைய தெய்வ வழிபாட்டையும் மந்திர வேலைகளையும் தடுக்கும் இடத்திலேயே பெர்செர்க்ஸ்கங்க்ரும் குற்றமாக வருகிறது. தண்டனை மூன்றாண்டு நாடுகடத்தல். அதில் ஒரு துணைவிதி இருக்கிறது, படிக்கும்போதெல்லாம் என்னை நிறுத்திவிடும்: அந்த நேரத்தில் உடனிருந்த ஆண்களுக்கும் அதே தண்டனை, அவர்கள் அவனைப் பிடித்துக் கட்டுப்படுத்தியிருந்தால் மட்டும் யாருக்கும் தண்டனை இல்லை. அதாவது சட்டம் எழுதியவர்கள் இதைத் தடுக்கவே முடியாத பேராற்றலாக நினைக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து பிடித்தால் நிற்கும் என்றுதான் நினைத்தார்கள்.

சாகாக்கள் எழுதப்பட்டது இந்தச் சூழலில். அதனால் அவற்றில் வரும் பெர்சர்க்கர் பெரும்பாலும் கெட்டவன். பண்ணைக்கு வருவான், மகளைக் கொடு அல்லது 'ஹோல்ம்கங்கா'வுக்கு வா என்பான். ஹோல்ம்கங்கா என்பது எல்லை வகுத்த இடத்தில் இருவர் மட்டும் மோதும் முறைச்சண்டை. வயதான பண்ணையார் தவிப்பார். அப்போது கதாநாயகன் வந்து சேர்வான்.

கிரெத்திர் சாகாவில் ஸ்னேகொல் என்ற பெர்சர்க்கர் குதிரை மேல் உட்கார்ந்தபடி ஒரு பண்ணையாரை மிரட்டுகிறான். தலைக்கவசம் போட்டிருக்கிறான், ஆனால் கன்னத்தகடுகளைப் பூட்டவில்லை. ஊளையிட்டுக்கொண்டு கேடயத்தின் மேல்விளிம்பை வாய்க்குள் கொடுத்துக் கடிக்கிறான். பக்கத்தில் நிற்கும் கிரெத்திர் கேடயத்தின் அடிப்பகுதியை ஓங்கி உதைக்கிறான். விளிம்பு வாய்க்குள் ஏறித் தாடை கிழிந்து தொங்குகிறது. அப்படியே தலைக்கவசத்தைப் பிடித்துக் கீழே இழுத்துத் தலையை வெட்டிவிடுகிறான். அச்சமூட்டுவதற்காகச் செய்த சடங்கு ஒரே உதையில் அவனுக்கே எமனாகிறது. ஹோர்ன்க்ளோவியின் பாட்டில் மன்னர் நம்பிச் சாய்ந்த வீரனுக்கும் இந்த ஸ்னேகொல்லுக்கும் நடுவே ஏறத்தாழ நானூறு ஆண்டு இடைவெளி இருப்பது இங்கே நன்றாகத் தெரிகிறது.

இன்னொரு கதைக்கு இடமே சாட்சியாக நிற்கிறது. ஐஸ்லாந்தின் மேற்கே ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தில் பெர்செர்க்யாஹ்ரெயுன், அதாவது பெர்சர்க்கர் எரிமலைப் பாறைவெளி என்று ஒரு பகுதி உண்டு. எரிமலைக் குழம்பு உறைந்து, பாசி படர்ந்த கரடுமுரடான நிலம். எய்ர்பிக்யா சாகா சொல்வது இது: ஹால்லி, லெய்க்னிர் என்ற இரண்டு பெர்சர்க்கர் சகோதரர்களை வேர்முண்ட் என்பவர் நார்வேயிலிருந்து அழைத்து வந்தார். வைத்துக்கொள்ள முடியாமல் தன் அண்ணன் ஸ்திருக்குக் கொடுத்தார். ஹால்லி, ஸ்திரின் மகள் ஆஸ்தீஸைப் பெண் கேட்டான். ஸ்திர் ஊர்த் தலைவர் ஸ்னோரியிடம் யோசனை கேட்டுவிட்டு வந்து (இவர் நாம் மேலே பார்த்த எழுத்தாளர் அல்ல, அவருக்கு இரண்டு நூற்றாண்டு மூத்தவர்), இந்தப் பாறைவெளியின் குறுக்கே ஒரு பாதை வெட்டி, எல்லைச் சுவரும் ஆட்டுப்பட்டியும் கட்டிக் கொடு, பெண் தருகிறேன் என்றார். இருவரும் வெறிகொண்டு வேலை செய்து முடித்தார்கள். முடித்ததும் வழக்கம்போல் உடல் ஓய்ந்துவிட்டது. ஸ்திர் அவர்களைப் புதிதாகக் கட்டிய வெந்நீராவிக் குளியலறைக்குள் அனுப்பி, கதவை அடைத்து, தாங்க முடியாத அளவுக்குச் சூடேற்றினார். வாசலில் ஈரமான பச்சை மாட்டுத்தோலை விரித்து வைத்தார். கதவை உடைத்து வெளியே பாய்ந்த ஹால்லி தோலில் வழுக்கி விழுந்தான், அங்கேயே வெட்டினார். லெய்க்னிரைக் குத்தி உள்ளே தள்ளினார். ஆஸ்தீஸை மணந்துகொண்டது யோசனை சொன்ன ஸ்னோரிதான். பாறைவெளியில் அந்தப் பாதை இன்றும் இருக்கிறது, நடந்து போகலாம்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு, சொன்ன வேலையைச் செய்து முடித்த இருவரையும் குற்றவாளியாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. சாகாவைச் சொன்னவருக்கு அந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. பெர்சர்க்கர் என்ற பெயரே அப்போது ஒருவனை ஏமாற்றிக் கொல்லப் போதுமான காரணமாகிவிட்டிருந்தது.

அப்படியானால் காளான்?

காளான் கதைக்குத் தந்தை ஒருவர் இருக்கிறார்: சாமுவேல் எத்மன் என்ற ஸ்வீடன் நாட்டு இறையியலாளர், இயற்கை ஆர்வலர். சைபீரியாவில் சில மக்கள் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு நச்சுக் காளானைச் சடங்குகளில் உண்பதாகப் பயணிகள் எழுதியதைப் படித்தார். 1784இல், பெர்சர்க்கர்களும் இதைத்தான் தின்றிருக்க வேண்டும் என்று ஊகித்து எழுதினார். ஹாவ்ர்ஸ்ஃபியோர்ட் போருக்கும் இந்த ஊகத்துக்கும் நடுவே தொள்ளாயிரம் ஆண்டு.

சாகாக்கள் தின்பதையும் குடிப்பதையும் விவரிக்கத் தயங்காதவை. விருந்தில் பரிமாறிய கஞ்சி, புளித்த மோர், பீர், வாந்தி வரை எழுதியிருக்கிறார்கள். ஒரு பெர்சர்க்கரும் எந்தக் காளானையும் தின்றதாக எங்கும் இல்லை. அந்தக் காளானின் நச்சுப்பொருள்கள் தருவது குமட்டல், தள்ளாட்டம், மயக்கத் தூக்கம், குழப்பம். சிலருக்குக் கிளர்ச்சியும் வரலாம். கப்பல் முனையில் வாள் சுழற்ற வேண்டியவனுக்கு இது பொருத்தமான உணவாகத் தெரியவில்லை. 2019இல் குரோசாணி ஓமம் என்று சித்த மருத்துவம் அறிந்த செடியின் இனத்தைச் சேர்ந்த நச்சுச் செடி ஒன்றை ஓர் ஆய்வாளர் முன்வைத்தார். வலி மழுங்குதல் போன்ற அறிகுறிகள் அதோடு கொஞ்சம் பொருந்துகின்றன. அந்தச் செடி நோர்ஸ் மக்களுக்குத் தெரிந்ததுதான். டென்மார்க்கின் ஃபிர்காட்டில் 10ஆம் நூற்றாண்டுப் பெண் ஒருவரின் கல்லறையில் அதன் விதைகள் கிடைத்தன. ஆனால் அவர் குறி சொல்பவராக இருந்திருக்கலாம் என்றுதான் கருதுகிறார்கள், போர்வீரர் அல்ல. வீரர்கள் அதைத் தின்றதற்குச் சான்று இல்லை.

ஊகம் எப்படி உண்மைபோல் வேர்விடுகிறது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. அந்தச் சிவப்புக் காளானுக்கு இன்றைய ஐஸ்லாந்து மொழியில் 'பெர்செர்க்யாஸ்வெப்புர்', பெர்சர்க்கர் காளான் என்று பெயர். இதைக் காட்டி, 'பார், பெயரிலேயே இருக்கிறது' என்பார்கள். எந்தச் சாகாவிலும் இல்லாத பிற்காலப் பெயர் அது.

ஆங்கிலத்துக்கு வந்த வழி

ஆங்கில வாசகர்களிடம் இந்தச் சொல்லைப் பரப்பியதில் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1822ஐ ஒட்டி வெளிவந்த தன் நாவலில் இவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதினார். கவசமின்றிப் போரிட்டதால் வந்த பெயர் என்று ஸ்னோரியின் வழியிலேயே பொருள் சொன்னார். எகில்சனின் கரடி விளக்கம் பரவுவதற்குள் 'வெற்று மேனி' ஆங்கிலத்தில் ஊன்றிவிட்டது; 'கவசமின்றி' என்பது கைமாறிக் கைமாறி 'அம்மணமாக' என்றானது அதற்குப் பிறகுதான். விகுதியான 'ர்' ஆங்கிலக் காதுக்குச் செய்பவரைக் குறிக்கும் ஒலியாகப் பட்டதால், அதை வெட்டிவிட்டுப் 'பெர்செர்க்' என்ற பெயரடை உருவானது. மலாய் மொழியின் 'அமோக்' ஆங்கிலத்தில் கண்மண் தெரியாத வெறிக்குப் பெயரானதுபோல, இதுவும் ஒரு மக்களின் குறிப்பிட்ட வழக்கத்திலிருந்து கழன்று பொதுச்சொல் ஆயிற்று.

சொந்த ஊரிலும் இதே கதிதான். ஸ்வீடிஷ் பேசுபவர்கள் யாராவது கட்டுமீறி அடித்து நொறுக்கினால் 'பேர்சேர்க்ககோங்' போனான் என்பார்கள். அதன் கடைசித் துண்டு, கிராகாஸ் சட்டம் மூன்றாண்டு நாடுகடத்தல் விதித்த அந்தக் 'கங்க்ர்'தான்.